ஈட்டுத் தொகையும் காலமும்

ஒரு மோட்டார் கார் விபத்தில் சிக்கி உருக்குலைந்து போகிறது. இதைச் செப்பனிடுவதைவிட வேறொன்று வாங்குவதே நலம் என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிடுகிறார். காப்பீட்டு நிறுவனத்தார் அதனை ‘முழு இழப்பு’ என்று எழுதிக்கொள்கிறார்கள். வண்டிக்கு உரியவருக்கு எவ்வளவு பணம் வரவேண்டும் என்பதைக் காப்பீட்டுப் பத்திரமே சொல்லிவிடுகிறது. அந்தப் பணம் எப்போது வரவேண்டும்? இந்தச் சிறிய கேள்விக்கு விடை காணச் சட்டம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. வரலாறு என்றால் அரசர்களும் போர்களுமே என்று எண்ணும் மாணவர்கள் உண்டு. ஒரு காரின் காப்பீட்டுப் பத்திரத்துக்குள்ளும் வரலாறு மடங்கிக் கிடக்கிறது என்பதை இன்று எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

காப்பீடு கடலோடு வளர்ந்த ஏற்பாடு. பதினான்காம் நூற்றாண்டிலேயே ஜெனோவா முதலிய இத்தாலியத் துறைமுகங்களில் வணிகர்கள் இதனைக் கையாண்டார்கள். கப்பல் மூழ்கினால் ஒருவன் ஓட்டாண்டியாகிவிடக் கூடாது. பலர் சிறிது சிறிதாக அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளவேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. இத்தாலிய வணிகர்கள் வழியாக இந்த வழக்கம் லண்டனுக்கும் சென்றது. அங்கே தகராறு எழுந்தால் அனுபவமுள்ள வணிகர் சிலர் கூடிப் பேசி விரைவில் தீர்த்துவைப்பது மரபாக இருந்தது.

நாளடைவில் சிலர் இந்த மரபிலிருந்து நழுவினார்கள். ஒரு கப்பலுக்குப் பத்துப் பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்தால், பணம் வேண்டுமானால் எங்கள் ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே வழக்குத் தொடுத்துக்கொள் என்று கூறத் தொடங்கினார்கள். சரக்கை இழந்து நிற்பவன் பத்து வழக்குகளுக்குப் பணத்துக்கு எங்கே போவான்? இந்நிலையில்தான் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், 1601ஆம் ஆண்டில், இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. செலவும் தாமதமும் பெருகிவிட்டன என்று அதன் முகவுரையே வெளிப்படையாகக் குறை கூறுகிறது. அச்சட்டத்தின்படி நீதித்துறையைச் சேர்ந்தவர்களும் சட்ட வல்லுநர்களும் எட்டு வணிகர்களும் கொண்ட ஒரு தனி மன்றம் ஏற்பட்டது. வாரத்துக்கு ஒருமுறை கூடி, நீண்ட வாதப் பிரதிவாதங்களின்றிச் சுருக்கமாக விசாரித்து அது முடிவு கூறவேண்டும். வழக்கு மன்றங்களின் மெத்தனத்துக்கு மாற்றாக அவ்வளவு பழங்காலத்திலேயே ஒரு முயற்சி நடந்திருப்பது வியப்புக்குரியது. ஆயினும் அம்மன்றம் நெடுநாள் செல்வாக்குடன் வாழவில்லை. வழக்குகள் மீண்டும் பொது நீதிமன்றங்களுக்கே திரும்பின.

அந்த நீதிமன்றங்களில் காப்பீட்டுச் சட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் மான்ஸ்பீல்டு பிரபு. 1756 முதல் 1788 வரை அவர் தலைமை நீதிபதியாக இருந்தார். சுமத்திரா தீவில் ஆங்கிலேயர் வசமிருந்த மார்ல்பரோ கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதால் எழுந்த வழக்கில், 1766ஆம் ஆண்டில் அவர் தந்த தீர்ப்பு புகழ் வாய்ந்தது. காப்பீடு என்பது நல்லெண்ணத்தின் மீது நிற்கும் ஒப்பந்தம். இரு தரப்பாரும் தமக்குத் தெரிந்ததை மறைத்தல் ஆகாது என்பது அதன் சாரம். கடமை இரு தரப்பாருக்கும் பொது என்றே அவர் கூறினார். பிற்கால நடைமுறையிலோ அதன் பளு பெரிதும் ஒரு பக்கமே சாய்ந்தது. பத்திரம் எடுத்தவர் முக்கியமான ஒன்றை மறைத்தால் அவருடைய பத்திரமே செல்லாமற் போயிற்று. பணம் கொடுக்க வேண்டியவர் காலம் கடத்தினால் அவருக்கு நேர்ந்த தண்டனை மிகச் சிறிது.

இனி, முழு இழப்பு என்னும் சொல்லைப் பார்ப்போம். இதுவும் கப்பலிலிருந்து வந்ததே. கப்பல் மூழ்கிவிட்டால் அது மெய்யான முழு இழப்பு. பாறையில் மோதிக் கிடக்கும் கப்பலை மீட்டுச் செப்பனிட ஆகும் செலவு, செப்பனிட்ட பின் அதற்கு இருக்கும் மதிப்பையும் மிஞ்சும் என்றால், கப்பல் கண்ணெதிரே கிடந்தாலும் அதனை முழு இழப்பாகக் கருதலாம். உரியவர் அதனைப் பொறுப்பேற்றவரிடமே விட்டுவிட்டு முழுத் தொகையையும் கேட்கலாம். இந்த விதிகளையெல்லாம் இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் தொகுத்தது. நம் நாட்டில் 1963ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அதன் வழிவந்ததே. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கப்பல் காணாமற் போய், நியாயமான காலம் கடந்தும் செய்தி வராவிட்டால் அது முழுதும் அழிந்ததென்று கொள்ளலாமாம். கப்பலுக்கு ‘நியாயமான காலம்’ என்று ஒன்றை வகுத்த அச்சட்டம், பணத்துக்கு அப்படி ஒன்றை வகுக்கவில்லை!

அதே 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் நில நடுக்கத்தாலும் தொடர்ந்த தீயாலும் அழிந்தது. அழிந்தது நடுக்கத்தாலா, தீயாலா என்ற வாதத்தில் நாட்கள் கழிந்தன. சில நிறுவனங்கள் முக்கால் பங்கு பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசின. சில அறவே கைவிரித்தன. அந்நேரத்தில் லண்டனின் லாயிட்ஸ் சந்தையைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத், பத்திரத்தின் வாசகம் எதுவாயினும் தம்மிடம் காப்புப் பெற்றவர்களுக்கு முழுத் தொகையையும் கொடுத்துவிடுமாறு தம் முகவருக்குக் கட்டளையிட்டார். அமெரிக்காவில் லாயிட்ஸின் பெயர் நிலைபெற்றதற்கு அந்தச் செயல் பெருங் காரணமாயிற்று. உடனே கொடுப்பது அறம் மட்டுமன்று. நல்ல வாணிகமும் ஆகும் என்பதற்கு இது சான்று.

மோட்டார் கார் வந்ததும் கடல் வழக்கமே சாலைக்கும் வந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிறருக்கு நேரும் தீங்குக்காகக் காப்பீடு செய்வதைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் 107 நிறுவனங்கள் நாட்டுடைமையாகி நான்கு நிறுவனங்களுள் இணைந்தன. அவற்றுள் ஒன்றின் தலைமையகம் சென்னையில் அமைந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கு மீண்டும் கதவைத் திறந்து, கண்காணிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டு விதிகளின்படி, காரின் காப்பு மதிப்பில் 75 சதவீதத்தைச் செப்பனிடும் செலவு மிஞ்சினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். ஆறு இலட்ச ரூபாய் மதிப்புள்ள காருக்கு நாலரை இலட்சத்துக்கு மேல் செலவாகும் என்றால், பாறையில் கிடந்த கப்பலின் கதிதான் அந்தக் காருக்கும்.

காலத்துக்கு வரம்பு கட்டியதும் அதே 2002ஆம் ஆண்டுதான். தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை அமர்த்தவேண்டும்; அவர் 30 நாட்களில் அறிக்கை தரவேண்டும்; அடுத்த 30 நாட்களில் நிறுவனம் தன் முடிவைச் சொல்லவேண்டும்; உரியவர் இசைந்த பின் 7 நாட்களில் பணம் தரவேண்டும்; தவறினால் வங்கி வீதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி தரவேண்டும் என்று ஆணையம் விதித்தது. 2024ஆம் ஆண்டின் விதிகள் இக்கெடுவை மேலும் சுருக்கின.

விதி இருப்பது வேறு. அது நம் வாசலுக்கு வந்து சேர்வது வேறு. என்னிடம் படித்த ஒருவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் ஒரு லாரி மோதி அவருடைய கார் நசுங்கிப் போயிற்று. இறைவன் அருளால் அவர் உயிர் தப்பினார். சர்வேயர் விரைவாகவே வந்து முழு இழப்பு என்று எழுதினார். அதன் பிறகுதான் சோதனை தொடங்கியது. நிறுவனம் ஒரு மாதம் பதிவுப் புத்தகத்தைக் கேட்டது. மறுமாதம் ஓட்டுநர் உரிமத்தின் சான்று. அடுத்து முதல் தகவல் அறிக்கை. பின்பு கடன் கொடுத்த வங்கியின் கடிதம். எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டிருக்கலாம். இப்படியே ஏழு மாதங்கள் ஓடின. ஓடாத காருக்கு அவர் மாதந்தோறும் 14,000 ரூபாய் தவணை கட்டினார். உடைந்த வண்டி நின்ற இடத்துக்குப் பட்டறைக்காரர் நாள் வாடகை கேட்டார். வழக்கமாக அழைக்கும் வாடிக்கைக்காரர்கள் வேறு வண்டி தேடிக்கொண்டார்கள்.

அவர் ஒரு கட்டுக் காகிதங்களோடு என்னிடம் வந்தார். எனக்குத் தெரிந்த ஆசிரியத் தொழிலையே நான் செய்தேன். தேதி வாரியாக அவற்றை அடுக்கி, என்று எது கேட்கப்பட்டது, என்று எது கொடுக்கப்பட்டது என்று ஒரே பக்கத்தில் அட்டவணை எழுதச் சொன்னேன். நிறுவனத்துக்கு முறையாக எழுதி, ஒரு மாதம் காத்திருந்து, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு அதனை அனுப்பினார். பின்னர் பணம் வந்தது. கேட்ட பிறகு வட்டியும் வந்தது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் தாமத வட்டி 8 சதவீதம். ஆறு இலட்ச ரூபாய்க்கு அது மாதம் 4,000 ரூபாய். அவர் கட்டிய தவணையோ 14,000. அவர் இழந்த வருமானமும் வாடிக்கையும் இக்கணக்கில் சேரவே இல்லை. வட்டி என்பது பணத்தின் வாடகை. வாழ்க்கையின் இழப்பை அது அளப்பதில்லை.

இந்த உண்மையை இங்கிலாந்தின் சட்டமும் தாமதமாகவே உணர்ந்தது. ஒரு சிறு தொழிற்சாலை தீயோரால் நாசமாக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்ததால் அதன் உரிமையாளரின் தொழிலே அழிந்தது. தாமதத்தால் நேர்ந்த கேட்டுக்கு ஈடு கேட்டு அவர் வழக்காடினார். காப்பீட்டுப் பணமே ஒரு நஷ்ட ஈடு. நஷ்ட ஈடு தாமதித்ததற்கு இன்னொரு நஷ்ட ஈடு கிடையாது என்று 1996ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மனமின்றியே, தீர்ப்பளித்தது. சட்டச் சீர்திருத்தக் குழுவினர் இதனைப் பெருங் குறையென்று சுட்டிக் காட்டினார்கள். 2016ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 2017 மே 4 முதல் எழுதப்படும் ஒவ்வொரு காப்பீட்டு ஒப்பந்தத்திலும், நியாயமான காலத்துக்குள் பணம் தரவேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாயிற்று. மீறினால் வட்டியோடு, விளைந்த கேட்டுக்கும் ஈடு கேட்கலாம். 1906இல் காணாமற் போன கப்பலுக்கு வகுத்த ‘நியாயமான காலம்’ பணம் தருபவருக்கும் பொருந்த நூற்றுப் பதினோர் ஆண்டுகள் ஆயின. நம் நாட்டிலும் 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், காரணமற்ற தாமதத்தைச் சேவைக் குறைபாடாகக் கொண்டு நுகர்வோர் மன்றங்கள் ஈடு வழங்கியிருக்கின்றன.

நிறுவனங்கள் ஆராய்ந்து பார்ப்பதே தவறென்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் கையிலிருப்பது பல்லாயிரவர் செலுத்திய பிரிமியப் பணம். பொய்க் கணக்குக் காட்டுவோரும் உண்டு. ஆராயவேண்டியதை ஆராய நாள் கொடுக்கத்தான் வேண்டும். ஆராய்ச்சி முடிந்த பின்னும் கோப்பு உறங்குமானால், அந்த உறக்கத்தின் செலவை ஏற்கவேண்டியவர் யார் என்பதே கேள்வி. வலுவுள்ளவர் காலம் கடத்தினால் வலுவில்லாதவர் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு அடங்கிவிடுவார். அதனால்தான் 1601ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் தாமதத்தைப் பெயர் சொல்லிக் கடிந்தார்கள்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது நம் பழமொழி. மாணவர்களே, நாளை உங்களில் சிலர் காப்பீட்டு அலுவலகங்களில் அமர்வீர்கள், சிலர் நீதிபதிகளாவீர்கள், பலர் கையில் ஒரு பத்திரத்தோடு அங்கே சென்று நிற்பீர்கள். பத்திரத்தோடு நிற்பவர் தம் கடிதங்களைத் தேதியிட்டு, நகல் வைத்துக்கொள்ளட்டும். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர், தமக்கு முன்னே இருக்கும் கோப்புக்குள் ஒரு குடும்பத்தின் நாட்கள் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.