வன்னிக்கு வந்த வெண்பொடி

வன்னியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பண்டாரவன்னியனின் வீரத்தையும் குளங்களின் தொன்மையையும் விரித்துரைத்து, மலேரியாக் காய்ச்சலை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். எனினும், 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னிக் கைந்நூலைப் படிப்பவர்க்கு, அப்பிரதேசத்தில் சனத்தொகை அருகியதற்கும் காய்ச்சலுக்கும் உள்ள சம்பந்தம் விளங்காமற் போகாது. 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடுக் குளம் நீரைத் தந்ததாயினும், 1936இல் கிளிநொச்சியில் யாழ்ப்பாணக் குடாநாட்டாரைக் குடியேற்ற முற்பட்டபோது, காணி கிடைக்கிறதே என்ற ஆசையோடு நுளம்பைப் பற்றிய அச்சமும் அவர்களுடன் கூடவே வந்தது. 1934, 35ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்ட பெருங்கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் பக்கங்களையே அதிகம் வாட்டிற்று. வறண்ட வலயத்துக் கிராமத்தவர்க்கோ மலேரியா ஆண்டு தவறாமல் வரும் விருந்தாளியாகையால், வீங்கிய மண்ணீரலோடேயே அவர்கள் வாழப் பழகியிருந்தனர்.

இந்நிலைமையை மாற்றியது டி.டி.ரி. என்னும் வெண்பொடி. 1946 முதல் தெளிப்புக் குழுவினர் வீடு வீடாகச் சென்று, சட்டி பானைகளையும் பாய்களையும் முற்றத்தில் எடுத்து வைக்கச் செய்து, மண் சுவரிலும் கிடுகுக் கூரையின் உட்புறத்திலும் மருந்தடித்தார்கள். ஈரம் காய்ந்ததும் சுவரில் வெண்மையான படலமொன்று பூத்து நிற்கும், அதில் வந்தமர்ந்த நுளம்பு மாண்டுபோகும். அவ்வாண்டில் இலங்கை முழுவதும் ஏறக்குறைய இருபத்தெட்டு இலட்சமாயிருந்த மலேரியா நோயாளர் தொகை 1963இல் பதினேழாகக் குறைந்தது. இதை ஓர் அற்புதம் என்று கூறுவதில் எனக்குத் தயக்கமில்லை. வன்னிக் குடியேற்றங்கள் நிலைத்ததில் மண்வெட்டிக்கு உள்ள பங்கு இப்பொடிக்கும் உண்டு. ஆயினும், அக்கணக்குகள் எல்லாம் மனிதரையும் நுளம்பையும் பற்றியனவேயன்றி, அச்சுவரின் ஓரத்தில் படுத்துறங்கிய நாயையோ கொட்டிலில் நின்ற மாட்டையோ பற்றியனவல்ல.

அப்பிராணிகளின் உடலில் நேரக்கூடியதை விளங்கிக்கொள்ள வேறோர் ஆய்வை நினைவுகூர வேண்டும். கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கிய அதே 1936இல், கனடாவில் ஹான்ஸ் செலி என்பார், எலிகளைக் குளிரிலும் காயத்திலும் விஷத்திலும் வருத்தி, துன்பம் எதுவாயினும் அவற்றின் சிறுநீரகத்தின் மேலமர்ந்த அதிரீனற் சுரப்பி பருத்துவிடுவதைக் கண்டு வெளியிட்டார். ஆபத்தை உணர்ந்த மூளை கபச்சுரப்பியைத் தூண்ட, அது அதிரீனலின் புறணியைத் தூண்ட, அங்கிருந்து பிறக்கும் கோட்டிசோல் முதலிய ஹோர்மோன்கள் இரத்தத்தில் வெல்லத்தை உயர்த்தி, பிராணியை ஆபத்தைத் தாங்கும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. பசியும் வறட்சியும் சிறுத்தையும் நிறைந்த காட்டோரத்தில் உயிர்வாழும் ஜந்துவுக்கு இதைவிட அவசியமான சக்தி வேறு யாது?

செலியின் எலிகளில் விஷம் சுரப்பியைத் தூண்டியது. ஆனால், சுரப்பியையே அழிக்கும் விஷமும் உண்டு என்பது 1949இல் தெரியவந்தது. டி.டி.ரி.யின் நெருங்கிய உறவான டி.டி.டி. என்னும் இரசாயனத்தை உண்ட நாய்களின் அதிரீனற் புறணி சுருங்கிச் சிதைந்திருக்கக் கண்டார்கள். டி.டி.ரி. காற்றுப் புகாத சேற்றில் கிடந்தால் இவ்வுருவை அடையும் என்பதை, நீர் தேங்கிய வயல்களையுடைய நாம் மறக்கலாகாது. அதே இரசாயனத்தின் ஒரு வகையைப் பிற்காலத்தில் அதிரீனற் புற்றுநோய்க்கு மருந்தாக வைத்தியர்கள் கொடுக்கலாயினர் என்பது வேறு கதை. 1992இல் கனடாவின் ஆலிஸ் ஹொன்டெலாவும் உடனாய்வாளரும், தொழிற்சாலைக் கழிவுகளால் மாசுபட்ட நீரில் வாழ்ந்த மீன்களைப் பிடித்துப் பரிசோதித்தபோது, சுத்தமான நீரின் மீன் பிடிபட்டவுடன் கோட்டிசோலைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ள முயல, மாசுபட்ட நீரின் மீனுக்கு அச்சுரப்பு எழவில்லை. நீந்திற்று, இரை தின்றது, பார்வைக்கு நோயற்றதாகவே இருந்தது. ஆபத்து வந்த வேளையில் மட்டும் அதன் உடல் விடையளிக்கவில்லை.

வன்னியில் டி.டி.ரி.யின் ஆதிக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. தெளிப்பைத் தளர்த்தியதும் 1968, 69இல் மலேரியா மீண்டும் பெருகிற்று. நுளம்பும் மருந்துக்கு மசியாத நிலையை அடைய, 1970களின் நடுப்பகுதியில் மலத்தியன் அதன் இடத்தைப் பிடித்தது. அதற்குள் வயலிலும் கிருமிநாசினி புகுந்துவிட்டது; பெரும்போகமோ சிறுபோகமோ, வேளாண்மை செய்பவர் முதுகில் தெளிகருவியைச் சுமந்தே வரம்பில் இறங்கினார். மலத்தியனும் அதன் இனத்து மருந்துகளும் நரம்பின் அசற்றைல்கோலினைச் சிதையவிடாமல் தடுத்துக் கொல்பவை. கொல்லாத அளவிலும் அவை மூளையைத் தூண்டி அதிரீனலை ஓயாது வேலை வாங்குகின்றன என்பது எலிகளில் கண்ட உண்மை. யுத்த காலத்தில் யூரியாவுக்கு விதித்த தடை வன்னி விவசாயியின் கையைக் கட்டியிருந்தது. யுத்தம் முடிந்து பாதை திறந்தபின் பசளையும் மருந்தும் தாராளமாக வந்தன.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டமும், கொடிய வகுப்பு மருந்துகளுக்கு 1995இல் வந்த தடையும் மனித உயிர்கள் பலவற்றைக் காத்தன. அவ்விதிகளைக் குறைகூற மாட்டேன். ஆயினும் அவ்வகுப்புகள், எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் எலிகளில் பாதி இறக்கும் என்ற கணக்கில் எழுந்தவை. எலி இறவாமல், அஞ்ச வேண்டிய வேளையில் அஞ்சும் வலுவை இழந்தால், அந்த இழப்புக்கு அக்கணக்கில் இடமில்லை. இரணைமடுவின் வயல்களில் வடியும் நீர் கனகராயன் ஆற்றோடு சேர்ந்து சுண்டிக்குளக் கடனீரேரியை அடைகிறது; ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்திறங்குவதும், வலைஞர் இறாலுக்கும் மீனுக்கும் வலை வீசுவதும் அந்நீரில்தான்.