பிரெஞ்சு இணையச் சந்தைகளில் விற்பனை

பிரெஞ்சு இணையச் சந்தைகளில் விற்பனை என்பது, பல விற்பனையாளர்கள் ஒரே தளத்தில் கடை விரிக்கும் இணையச் சந்தைகள் வழியாகப் பிரான்சு நாட்டு நுகர்வோருக்குப் பொருட்களை விற்கும் வணிக முறை ஆகும். இம்முறையில் விற்கப்படும் பொருளைத் தளத்தை நடத்தும் நிறுவனம் தானே விற்பதில்லை. வாங்குவோரையும் விற்போரையும் இணைத்து, பணத்தைப் பெற்றுக் கொடுத்து, அதற்குக் கழிவு எடுத்துக்கொள்கிறது. அமேசானின் பிரெஞ்சுத் தளம், சிடிசுக்கவுண்ட், ஃபினாக், ரக்குட்டென் பிரான்சு, லா ரெடூட் ஆகியன இவ்வகையில் அறியப்பட்டவை. இந்தியாவில் உள்ள ஒரு சிறு உற்பத்தியாளரும் இவற்றுள் சிலவற்றில் கணக்குத் தொடங்க இயலும். ஆயினும் பொருளைப் பட்டியலிடுவதை விட, பிரெஞ்சு, ஐரோப்பியச் சட்டங்கள் விற்பனையாளர் மீது சுமத்தும் பொறுப்புகளை நிறைவேற்றுவதே கடினமானது.

வரலாறு

தமிழகப் பொருட்களைப் பிரெஞ்சு மக்கள் விரும்பி வாங்கியது புதிதன்று. 1664 இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனி, சோழமண்டலக் கரையின் வண்ணமிட்ட பருத்தித் துணிகளைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றது. அத்துணிகளின் செல்வாக்கால் உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பாதிக்கப்பட்டனர். இதனால் 1686 இல் பிரெஞ்சு அரசு அவற்றின் இறக்குமதியையும் உள்நாட்டில் அவற்றைப் போல் அச்சிடுவதையும் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது; கள்ளக் கடத்தலும் அதனுடன் நீடித்தது. தொலைவிலிருந்து வரும் மலிவான பொருளுக்கு எதிராக விதி வகுக்கும் வழக்கம் பிரான்சில் இணையத்துக்கு மிகவும் முந்தியது என்பதற்கு இது சான்று.

தொலைவிலிருந்தே பொருள் வாங்கும் பழக்கமும் அங்கு இணையத்துக்கு முந்தியதே. ரூபே நகரின் லா ரெடூட் நிறுவனம் அச்சிட்ட விலைப்பட்டியல்கள் வழியாக அஞ்சலில் ஆடைகளை விற்று வந்தது. 1982 இல் நாடெங்கும் பரவத் தொடங்கிய மினிட்டெல் என்னும் தொலைபேசி வழித் திரைக்கருவி, வீட்டிலிருந்தே தொடர்வண்டிச் சீட்டு எடுக்கவும் பொருட்களுக்கு ஆணை கொடுக்கவும் உதவியது. 1990களின் இறுதியில் ஏறத்தாழ 90 இலட்சம் கருவிகள் பயன்பாட்டில் இருந்தன. இச்சேவை 2012 சூன் 30 அன்று நிறுத்தப்பட்டது.

இணைய வணிகத்தில் சிடிசுக்கவுண்ட் 1998 இல் போர்தோ நகரில் தொடங்கப்பட்டது. அமேசான் தனது பிரெஞ்சுத் தளத்தை 2000 இல் திறந்தது. அதே ஆண்டில் நிறுவப்பட்ட பிரைசு மினிசுட்டர், 2010 இல் சப்பானிய ரக்குட்டென் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, 2018 இல் அதன் பெயரை ஏற்றது. சிடிசுக்கவுண்ட் 2011 இல் பிற விற்பனையாளருக்கும் இடமளித்தது. பழைய கடைகளும் தம் தளங்களைச் சந்தைகளாக மாற்ற உதவும் மென்பொருளை விற்கும் மிராக்கிள் என்ற பாரிசு நிறுவனம் பின்னர் இத்துறையில் பெரிதாக வளர்ந்தது.

மொழி

1994 ஆகத்து 4 அன்று இயற்றப்பட்ட தூபோன் சட்டத்தின்படி, பிரான்சில் விற்கப்படும் பொருளின் பெயர், விவரிப்பு, பயன்பாட்டுக் குறிப்பு, உத்தரவாதம் ஆகியன பிரெஞ்சு மொழியில் இருத்தல் வேண்டும். ஆங்கில விவரிப்பு மட்டும் போதாது. வணிக நோக்கிலும் இது முதன்மையானது. வாங்குபவர் பிரெஞ்சுச் சொல்லையே தேடுபெட்டியில் இடுகிறார்.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே பதிவேற்றுவதால் நகைப்புக்கிடமான பிழைகள் நேரக்கூடும். கிராம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பூண்டுப் பல்லையும் குறிக்கும். பிரெஞ்சிலோ கிராம்புக்கு 'குளூ தெ சிரோஃபில்' என்றும் பூண்டுப் பல்லுக்கு 'கூசு' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. கோரைப்பாயை 'நாத்' எனக் குறிக்க வேண்டும். கம்பள விரிப்பைக் குறிக்கும் 'தப்பி' என்று எழுதினால் அது வேறு பொருளின் பட்டியலில் போய்ச் சேரும். பிழையான விவரிப்பால் பொருள் திரும்பி வந்தால் அதன் செலவு விற்பனையாளரையே சாரும்.

நுகர்வோர் உரிமைகள்

2014 ஆம் ஆண்டின் அமோன் சட்டத்திற்குப் பின், தொலைவிலிருந்து வாங்கிய பொருளைப் பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள், காரணம் கூறாமலே வாங்கியதை விலக்கிக்கொள்ள நுகர்வோருக்கு உரிமை உண்டு. முன்னர் இது 7 நாட்களாக இருந்தது. விற்பனையாளர் விலையை மட்டுமன்றி, முதலில் பெற்ற வழக்கமான அனுப்புகைக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவை, முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தால், வாங்கியவர் ஏற்பார். இந்த உரிமையைப் பற்றியே தெரிவிக்காவிட்டால் காலவரை மேலும் 12 மாதங்கள் நீளும். வாங்குபவருக்கெனத் தனியாகச் செய்யப்பட்ட பொருட்களுக்கு விலக்கு உண்டு. பெயர் நெய்து தரும் பாய் இதில் அடங்கும்.

நடைமுறையில் சட்டத்தை விடச் சந்தையின் விதி கடுமையானது. வெளிநாட்டு விற்பனையாளர் உள்நாட்டுத் திருப்பு முகவரி தரவேண்டும், அல்லது அஞ்சல் கட்டணம் செலுத்திய சீட்டு தரவேண்டும், அல்லது பொருளைத் திரும்பப் பெறாமலே பணத்தைத் தந்துவிட வேண்டும் என அமேசான் கோருகிறது. இந்தியாவுக்குத் திரும்பும் பொதி இங்குள்ள சுங்கத்தையும் கடக்க வேண்டியிருப்பதால், மலிவான பொருளாயின் கைவிடுவதே பலருக்கு ஆதாயம்.

இவற்றுடன் புதிய பொருட்களுக்கு இரண்டு ஆண்டு சட்ட உத்தரவாதமும் உண்டு. விலைக் குறைப்பை அறிவிக்கும்போது முந்தைய 30 நாட்களின் மிகக் குறைந்த விலையையே ஒப்பீடாகக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 'சோல்து' எனப்படும் பருவகாலத் தள்ளுபடி விற்பனை ஆண்டுக்கு இருமுறை, அரசு வரையறுத்த நான்கு வாரங்களில் மட்டுமே அப்பெயரில் நடைபெறலாம்.

வரியும் கணக்கும்

பிரான்சில் பொதுவான மதிப்புக்கூட்டு வரி 20 விழுக்காடு. 22 யூரோ வரையிலான இறக்குமதிப் பொதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த வரிவிலக்கு 2021 சூலை 1 அன்று நீக்கப்பட்டது. அன்று முதல், ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் 150 யூரோவுக்கு மேற்படாத பொதிகளுக்கு இணையச் சந்தையே விற்றவராகக் கருதப்பட்டு, வரியை வசூலித்துச் செலுத்துகிறது. அதே 150 யூரோ வரம்பில் இருந்த சுங்கத் தீர்வை விலக்கை முடித்து, 2026 சூலை முதல் சிறு பொதிகளுக்கு 3 யூரோ தீர்வை விதிக்க உறுப்பு நாடுகள் 2025 திசம்பரில் உடன்பட்டன. சீனத் தளங்களிலிருந்து வந்து குவியும் மலிவுப் பொதிகளே இம்முடிவின் இலக்கு. எனினும் கைத்தொழிலாளி அனுப்பும் ஒற்றைப் பொதியையும் அது விட்டுவைப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, வரி உட்பட 60 யூரோவுக்கு விற்கும் ஒரு பாயில் 10 யூரோ மதிப்புக்கூட்டு வரி. சந்தைக் கழிவு பொருள்வகைக்கேற்ப மாறும். 15 விழுக்காடு எனக் கொண்டு முழு விலையிலும் கணக்கிட்டால் 9 யூரோ. எஞ்சும் 41 யூரோவில் கட்டுமானம், வானஞ்சல், மாதச் சந்தா, நாணய மாற்று இழப்பு, திரும்பி வரும் பொருட்களின் இழப்பு யாவும் அடங்க வேண்டும். நெய்தவருக்கான கூலி இவற்றுக்குப் பின்னரே வருகிறது.

பாதுகாப்பும் கழிவு மேலாண்மையும்

2024 திசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பொதுப் பொருட்பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி, உணவல்லாத பெரும்பாலான நுகர்பொருட்களுக்கு ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அவருடைய பெயரும் முகவரியும் பொருளிலோ பொதியிலோ, விற்பனைப் பக்கத்திலும் இடம்பெற வேண்டும். இப்பணியைக் கட்டணத்துக்குச் செய்யும் நிறுவனங்கள் உள்ளன.

பிரான்சுக்கே உரிய மற்றொரு கடமை 2020 பெப்ரவரியில் இயற்றப்பட்ட சுழற்சிப் பொருளாதாரச் சட்டத்திலிருந்து வருகிறது. பொட்டலம், துணி, அறைகலன், விளையாட்டுப் பொருள் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் அவற்றின் கழிவுக்கும் பங்களிப்புத் தொகை செலுத்தி, தனி அடையாள எண் பெறவேண்டும். 2022 முதல் அந்த எண் இல்லாத விற்பனையாளருக்காகச் சந்தையே பொறுப்பேற்க நேர்வதால், தளங்கள் எண்ணைக் கேட்கின்றன.

தென்காசிப் பகுதிப் பொருட்கள்

குற்றாலம் ஐந்தருவிக்குச் செல்லும் சாலையோரக் கடைகளில் விற்கும் பொருட்களைக் கொண்டு மேற்கண்ட விதிகளின் விளைவை அறியலாம். சூன் முதல் ஆகத்து வரையான சாரல் பருவத்தில் இக்கடைகளில் கிராம்பு, சாதிக்காய் போன்றவை குளிக்க வருவோரிடம் விற்கப்படுகின்றன. வாங்குபவர் முகர்ந்து பார்த்து, விலை பேசி, பணம் தந்து போய்விடுகிறார். அதே சாதிக்காயைப் பிரான்சில் விற்க, இந்திய நறுமணப் பொருட்கள் வாரியத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்; பிரெஞ்சு மொழிச் சிட்டையில் ஐரோப்பிய இறக்குமதியாளரின் பெயர் வேண்டும்; பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும் ஐரோப்பிய வரம்பான கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. சாரலில் சரியாக உலராத காய்க்கு இவ்வரம்பு கடினமானது.

அண்டை மாவட்டமான திருநெல்வேலியின் பத்தமடைக் கோரைப்பாய் இவ்வணிகத்துக்கு ஓரளவு ஏற்றது. அது புவிசார் குறியீடு பெற்றது, கெடாது, மெல்லிய பாய் சுருட்டினால் சிறிய இடத்தில் அடங்கும். அனுப்புபவர் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்திடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியெண் பெற்றிருக்க வேண்டும். அஞ்சல் துறை 2022 இல் தொடங்கிய 'தாக் கர் நிர்யாத் கேந்திரா' என்னும் ஏற்றுமதி மையங்களில் சுங்க ஆவணத்தை இணையவழியே பதியலாம் என்பதால், துறைமுக நகரத்து முகவரை நாட வேண்டியதில்லை.

சந்தையும் விற்பனையாளரும்

சந்தையின் பிடி வலுவானது. வாங்குபவரின் முகவரியும் மதிப்புரைகளும் பணமும் அதன் கையில் உள்ளன. கணக்கு முடக்கப்பட்டால் கடையே இல்லாமற் போகும். அமேசான் தன் தளத்தின் விற்பனையாளர்கள் மீது ஒருதலையான ஒப்பந்த விதிகளைச் சுமத்தியது எனப் பிரெஞ்சுப் பொருளாதார அமைச்சகம் தொடர்ந்த வழக்கில், பாரிசு வணிக நீதிமன்றம் 2019 செப்டம்பரில் 40 இலட்சம் யூரோ தண்டம் விதித்து, விதிகளைத் திருத்தவும் ஆணையிட்டது. 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒழுங்குவிதி, கணக்கை முடக்குவதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும், தேடல் வரிசையைத் தீர்மானிக்கும் முதன்மைக் கூறுகளை வெளியிடவும் தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. எனினும் அதன் காப்பு ஒன்றியத்துக்குள் நிறுவப்பட்ட விற்பனையாளருக்கே உரியது. இந்தியாவிலிருந்து நேரடியாக விற்பவர் இதனைக் கோர இயலாது.

இதனால் சிலருக்குப் பழைய வழியே பொருத்தமாகிறது. பாரிசின் லா சப்பல் பகுதியில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் பல உள்ளன. இத்தகைய கடைகளுக்குச் சரக்கு தருவிக்கும் இறக்குமதியாளர் ஒருவருக்கு மொத்தமாக விற்றால் பிரெஞ்சுச் சிட்டை, வரி, திருப்புகை ஆகியன அவர் பொறுப்பாகின்றன. விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் விற்ற பொருள் திரும்பி வராது.