எழுவர் கண்ட உடன்பிறப்பு

ஐக்கிய அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநிலத்து இதாக்கா நகரில் அமைந்தது கோணெல் பல்கலைக்கழகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்குப் பயின்ற கறுப்பின மாணவர் மிகச் சிலரே. விரிவுரை மண்டபத்துள் அவர்க்கு இடமிருந்தது. உடன் உறைவாரும் உடன் உண்பாரும் இலராயினர். கிரேக்க எழுத்துக்களாற் பெயர்பெற்ற வெள்ளை மாணவரின் கழக இல்லங்களிலே அவருட் சிலர் ஏவற்றொழில் புரிந்து பொருளீட்டினர். உறுப்பினராய் அவ்வில்லங்களிற் புகுதல் அவர்க்கு இயலாததாயிற்று. 1904-05 கல்வியாண்டிற் பயின்ற கறுப்பின மாணவருள் அறுவர் அடுத்த ஆண்டிலே திரும்பி வந்திலர். எஞ்சியோரை இது பெரிதும் வருத்தியது.

ஆதலின், 1905-06இல் அவர்கள் ஒருங்கு கூடிப் படிக்கவும் உரையாடவும் தலைப்பட்டனர். இக்கூட்டம் இலக்கியச் சங்கமாகவே அமைதல் போதுமெனச் சிலர் கருதினர். அந்நிலையில் அதற்கு நெடிய வாழ்வு கிட்டியிராது; நூலாராய்ச்சிக்கென மட்டும் கூடுவோர் தேர்வு முடிந்ததும் பிரிந்து போதல் இயல்பன்றோ? வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் தாங்கும் பிணைப்பை வேண்டியோரின் கருத்தே வென்றது. 1906 டிசெம்பர் 4ஆம் நாள் அல்பா பை அல்பா என்னும் சகோதரக் கழகம் தோன்றியது. அதனை நிறுவியோர் எழுவர். அவருள் ஜோர்ஜ் கெலி பொறியியலாளரானார். வேட்னர் ரன்டி, நியூயோர்க் மாநிலத்திற் பதிவு பெற்ற முதற் கறுப்பினக் கட்டடக் கலைஞராய் விளங்கினார். ஹென்றி கலிஸ் மருத்துவரானார். யூஜின் கிங்கிள் ஜோன்ஸ் தேசிய நகர்ப்புறச் சங்கத்தை நெடுங்காலம் நடத்தினார். 1907இல் வாஷிங்ரனிலுள்ள ஹவாட் பல்கலைக்கழகத்திற் கிளை ஒன்று எழுந்தது.

கழகத்தின் ஆற்றல் வெளிப்பட்டது நீதிமன்றத்திலே எனலாம். மேரிலன்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, நிறத்தைக் காரணமாகக் காட்டி டொனல்ட் மறி என்பாரைச் சேர்க்க மறுத்தது. 1935இல் அவ்வழக்கை எழுப்புதற்கு இக்கழகம் முன்னின்றது. வாதாடிய சாள்ஸ் ஹூஸ்ரனும் அவர்தம் மாணாக்கர் தேர்குட் மார்ஷலும் கழகத்தவரே. மறிக்குச் சாதகமான தீர்ப்பை 1936இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. பாடசாலைகளில் நிறப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்கு இட்டுச்சென்ற வழியில் இஃது ஒரு முதற்படி.

இம்மார்ஷலே லிங்கன் பல்கலைக்கழகத்தில் இளைய மாணவரை அலைக்கழித்தமைக்காகத் தண்டனை பெற்றவர் என்பது சிந்திக்கற்பாலது. புதியோரை வதைத்தல் இத்தகைய கழகங்கள் பலவற்றைப் பற்றிய நோய். அவமதிப்பினால் உடன்பிறப்பு விளையும் என்பது பேதைமையே. 1990இல் இக்கழகமும் இதனையொத்த பிற கறுப்பினக் கழகங்களும் பழைய புகுமுகச் சோதனை முறையை விலக்கின. எனினும் மறைவான வதைகள் முற்றாக ஒழிந்தில.

1952இல், பொஸ்ரனிற் சமயக் கல்வி பயின்ற காலை, மாட்டின் லூதர் கிங் இக்கழகத்திற் சேர்ந்தார். அவர் 1968இற் கொலையுண்டபின், அவர்க்குத் தலைநகரில் நினைவாலயம் எழுப்பும் முயற்சியைக் கழகத்தவரே தொடங்கினர். 1996இல் அதற்குச் சட்ட அனுமதி கிடைத்தது. 2011இல் அது மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது.