முன்னூற்று நாலு: பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறி வந்த ஆட்டம்

சீட்டுக்கட்டில் ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஓர் இனத்துக்கு 76 வரும். நான்கு இனங்களையும் கூட்டினால் 304. அந்தத் தொகையே ஆட்டத்தின் பெயர். யாழ்ப்பாணத்தார் குடியேறிய ஊர்களுக்கெல்லாம் அவர்களோடு போன ஆட்டம் இது.

ராஜாவை ஜாக்கும் ஒன்பதும் வெல்லும் இந்த வரிசை நம் மண்ணில் முளைத்ததல்ல. நெதர்லாந்தின் கிளாவர்யாஸ், சுவிட்சர்லாந்தின் யாஸ் ஆகிய ஆட்டங்களிலும் துருப்பு இனத்தில் ஜாக்கும் ஒன்பதும்தான் உச்சம். டச்சு வணிகர்கள் வழியாக இது தெற்காசியாவுக்கு வந்திருக்க வேண்டும் என்று சீட்டாட்ட வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. கேரளத்தின் இருபத்தெட்டும் இதே குடும்பத்து ஆட்டம்தான். அங்கே ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2 என்று மதிப்பைச் சுருக்கிக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ஆட்டத்தை ஏற்றி வந்தது உத்தியோகம். அமெரிக்க மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். இங்கே கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ரயில்பாதை 1886இல் திறந்திருந்தது. இலங்கைப் பொதுப்பணித் துறையில் இருந்த சார்லஸ் எட்வின் ஸ்பூனர் 1891இல் சிலாங்கூரின் பொறியாளராக வந்தார். 1901இல் மலாய்க் கூட்டரசு ரயில்வேயின் பொது மேலாளர் ஆனார். இலங்கையை அறிந்திருந்த அவர் காலத்தில், கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் யாழ்ப்பாணத்தார் கப்பலேறினார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளும், 1904இல் விவேகானந்தா ஆசிரமமும், ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலும் எழுந்தன. சீட்டாட்டத்துக்குப் பெட்டியில் தனி இடம் தேவைப்படவில்லை. விதிகள் மனத்தில் இருந்தன. கட்டு எந்தக் கடையிலும் கிடைத்தது.

ஆடுவது நால்வர்; எதிரெதிரே அமர்ந்தவர்கள் சோடி. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதை வைத்தே, இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் தன் துருப்பைத் தேர்ந்து, அந்த இனத்துச் சீட்டு ஒன்றை மேசையில் கவிழ்த்து வைப்பார். பிறகு இன்னும் நான்கு சீட்டு. துருப்பு எது என்பது கேட்டவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய சோடிக்கும் தெரியாது. இறங்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை துருப்புக்காரருக்கு மட்டும்தான். அது துருப்பானால் மேசையில் இருக்கும் துருப்பும் திறக்கும்; இல்லையென்றால் மூடியபடியே ஆட்டம் நகரும்.

இந்த மூடல்தான் ஆட்டத்தின் உயிர். நான்கே சீட்டை வைத்து ஒருவர் பெரிதாகக் கேட்டால், ஓர் இனத்தின் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து அவரிடம் இருக்கக்கூடும். ஆடுதன் (ஹார்ட்ஸ்) ஜாக் என் கையில், கிளாவர் (கிளப்ஸ்) ஒன்பதும் என் கையில் என்றால், அவர் துருப்பு பெரும்பாலும் மற்ற இரண்டு இனங்களில் ஒன்று. அடுத்து அவர் எதை இறக்குகிறார், எதை இறக்கத் தயங்குகிறார் என்று பார்த்தால் இரண்டு ஒன்றாகிவிடும். சோடிக்குக் கண்ணசைத்தாலும் குற்றம். எதிரே இருப்பவரின் மனத்தை அவர் போட்ட சீட்டிலிருந்து மட்டுமே படிக்க வேண்டும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கணிப்பதைத்தான் நம் தருக்க நூல்கள் அனுமானம் என்கின்றன. அதை ஒரு மாலைப்பொழுதில், சிரிப்பும் சண்டையுமாகப் பழக்கும் பள்ளி இது.

சீட்டு என்றாலே சூது என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. பணம் வைத்து ஆடிக் கெட்ட குடும்பங்களைக் கண்ட பயம் அது, அதை மதிக்கிறேன். ஆனால் 304க்குக் காசு தேவையில்லை. வெற்றி தோல்வியைப் புளியங்கொட்டையால் எண்ணிக்கொள்ளலாம். ஆறு பேர் கூடினால் ஆறாம் எண் சீட்டுகள் நான்கையும் சேர்த்து, மூவர் மூவராக ஆடலாம்.

பிரிக்பீல்ட்ஸில் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்ற பழைய குடியிருப்பின் வீடுகள் இடிபட்டுவிட்டன. அவற்றைக் காப்பாற்றும் அதிகாரம் நம் கையில் இருக்கவில்லை. இந்த ஆட்டம் நம் கையில் இருக்கிறது. ஆடத் தெரிந்த தாத்தாவும் பெரியம்மாவும் கிள்ளானிலும் செந்தூலிலும் இன்னும் இருக்கிறார்கள். வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் எதிரே உட்கார வையுங்கள்.