வடமராட்சியின் இசை நாடகம்

பாட்டும் வசனமும் நகைச்சுவையும் கலந்து விடிய விடிய ஆடப்பட்டுவந்த மேடைக்கலை இசை நாடகம். யாழ்ப்பாணத்தில் இதற்கு ஸ்பெஷல் நாடகம், அண்ணாவி மரபு நாடகம், கொட்டகைக் கூத்து என்ற பெயர்களும் உண்டு. உடுப்பிட்டி, நெல்லியடி, கரவெட்டி முதலிய ஊர்களைக் கொண்ட, அங்குள்ள வடமராட்சியில் இசை நாடகமும் காத்தவராயன் கூத்தும் கோயில் வீதிகளில் வேரூன்றிய மக்கள் கலைகள்.

இசை நாடகத்தின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்ளது. பம்பாயிலிருந்து ஊர் ஊராகச் சென்ற பார்சி நாடகக் குழுக்கள் வண்ணத் திரைகளையும் ஆர்மோனியத்தையும் தென்னகத்துக்குக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டுக் குழுக்கள் அந்த அமைப்பில் புராணக் கதைகளை நடித்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை எழுதி இக்கலைக்கு நிலையான பாடல்களையும் ஒழுங்கையும் தந்தார்.

அதே காலத்தில் ஸ்பெயினிலும் இதற்கு நிகரான ஒரு கலை செழித்தது. பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் சார்சுவேலா, 17ஆம் நூற்றாண்டில் அரண்மனைக் கேளிக்கையாகத் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாட்ரிட் அரங்குகள் அதை ஒரு மணி நேர நகைச்சுவை நாடகமாகச் சுருக்கி, குறைந்த கட்டணத்தில் சாதாரண மக்களுக்குக் காட்டின. மாட்ரிட்டில் நாடகம் சுருங்கியதால் மக்களை எட்டியது. யாழ்ப்பாணத்திலோ ஓர் இரவு முழுவதும் நீண்டு ஊரையே கூட்டியது.

தமிழ்நாட்டுக் குழுக்கள் கடல் கடந்து வந்து யாழ்ப்பாணக் கொட்டகைகளில் கட்டணம் வாங்கி நடித்தன. அவற்றைப் பார்த்த உள்ளூர் இளைஞர்கள் பாடல்களைப் பாடம் செய்து தாமே மேடையேறினர். அவர்களைப் பழக்கியவர் அண்ணாவியார். குரலுக்கேற்ப வேடம் பிரிப்பதும், பாட்டையும் தாளத்தையும் சொல்லிக் கொடுப்பதும், ஆட்டத்தன்று பின்பாட்டுப் பாடுவதும் அவர் பொறுப்பு. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினர். வணிகமாக வந்த கலை, கொட்டகையை விட்டுக் கோயில் திருவிழாவுக்குள் நுழைந்தபோது ஊரின் சொத்தானது.

படித்தோர் மத்தியில் வசன நாடகம் என்ற வேறொரு போக்கு வளர்ந்தது. தமிழ்நாட்டு நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் வழியைப் பின்பற்றிய கலையரசு க. சொர்ணலிங்கம், 1913இல் லங்கா சுபோத விலாச சபையோடு அந்தப் போக்கை முன்னெடுத்தார். கிராமத்து மக்களோ பாட்டு நாடகத்தையே தொடர்ந்து ஆதரித்தனர்.

இந்த ஆதரவுக்கு நகைச்சுவையும் ஒரு காரணம். கோமாளியாக வரும் பபூன், எழுதிவைத்த வசனத்துக்குக் கட்டுப்பட்டவரல்லர். புராண காலத்து அரசனின் முன்னால் நின்றே அன்றைய விலைவாசியையும் ஊர் வழக்கையும் பேசுவார். வள்ளிக்கும் வேடனாக வந்த முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்திலும் நடிகர்கள் மேடையிலேயே கேள்வியும் பதிலும் கட்டினர். தெரிந்த கதையை மக்கள் மீண்டும் மீண்டும் பார்க்க வந்தது இந்தப் புதுமைக்காகத்தான்.

ஈழத்து இசை நாடகத்தை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவரது வசந்தகான சபா அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேற்றியது. பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குத் தூக்கி வருகிறாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன், தன் மனைவி என்று அறியாமலே, கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு அவளைத் தடுக்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியை அவன் சுட்டியதும் இருவருக்கும் உண்மை புலப்படுகிறது. வாதமாகத் தொடங்கி ஒப்பாரியாக முடியும் இக்காட்சியைத் தாங்கி நிற்பது பாட்டு ஒன்றே.

காத்தவராயன் கூத்து தனி மரபு. அம்மன் கோயில்களில் நேர்த்திக்காக ஆடப்படும் இது, இசை நாடகத்தின் ஆர்மோனியத்தை ஏற்றுக்கொண்டாலும் தனக்குரிய சிந்து நடையை விடவில்லை. காத்தானின் வேடத்தை ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஏற்பதால், ஓர் ஆட்டத்திலேயே ஊரின் பல குரல்கள் மேடைக்கு வருகின்றன. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததன் பின்னர், நெல்லியடி அம்பலத்தாடிகள் குழுவினர் என்.கே. ரகுநாதனின் கந்தன் கருணை நாடகத்தை இந்தக் கூத்து முறையில் மேடையேற்றினர். சாதியால் கோயில் வாசலில் தடுக்கப்பட்டோரின் வழக்கை, கோயில் வீதியில் வளர்ந்த கலையே எடுத்துப் பேசியது.

சினிமா இரவு நாடகங்களின் கூட்டத்தைக் குறைத்தது. 1980களில் போரும் ஊரடங்கும் விடிய விடிய ஆடும் வழக்கத்தையே முறித்தன. இடம்பெயர்வில் நடிகர்களும் அண்ணாவிமாரும் சிதறினர். இன்று இசை நாடகங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அடங்குகின்றன. நேரம் சுருங்கினாலும், அண்ணாவியாரிடம் பாட்டைக் கேட்டுப் பாடம் செய்யும் முறையும், அம்மன் கோயில்களில் நேர்த்திக்குக் கூத்தாடும் வழக்கமும் தொடர்கின்றன. நூலிலோ பதிவிலோ முழுமையாக அடங்காத இக்கலைக்கு இவ்விரண்டும் உயிர்நாடி.