கேளாமற் கேட்ட மொழி

ஒருவர்பால் மனம் சாய்கிறது. அவருக்கும் நம்மைப் போன்ற நாட்டம் உண்டா என்று அறிய வேண்டும். ஆனால் கேட்ட ஆள் தவறானவராக இருந்துவிட்டால் சிறைதான். தன்பாலீர்ப்புக் கொண்ட ஆங்கிலேய ஆண்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அச்சத்துடனேயே வாழ்ந்தார்கள்.

1885ஆம் ஆண்டில் லபூஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம், இரு ஆண்களுக்கிடையிலான ‘கடும் ஒழுக்கக்கேடு’ நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்தாலும் ஈராண்டுச் சிறைக்குரிய குற்றம் என்றது. கடும் ஒழுக்கக்கேடு யாதென்று சட்டம் விளக்கவில்லை. மிரட்டிப் பணம் பறிப்போர்க்கு வழங்கப்பட்ட பட்டயம் என்றே அச்சட்டம் பெயரெடுத்தது. 1895இல் ஒஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பியதும் இதுவே. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், அவருடைய நாடகமொன்றின் முதலாவது மேடையேற்றத்துக்கு நண்பர்கள் சிலர் பச்சைச் சாயமூட்டிய கார்னேஷன் மலரை மேற்சட்டையில் செருகி வந்தனர். 1894இல் அம்மலரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒரு நாவல் வெளியாயிற்று. பிறகென்ன, ஊரறிந்த அடையாளத்தைப் பொலிசாரும் அறிவார்கள் அல்லவா?

சொல்லோ தடயம் விடாது. நாடகக் கொட்டகைகள், சந்தைகள், வணிகக் கப்பல்கள் ஆகியவற்றில் புழங்கிய கலப்பு வழக்கொன்றை இவர்கள் தமதாக்கிக் கொண்டனர். அதன் பெயர் பொலாரி. இத்தாலியம், ஜிப்சிகளின் ரோமானி, யூதர்களின் இத்திஷ் எனப் பலவற்றிலிருந்தும் சொற்கள் வந்து சேர்ந்தன. ‘போனா’ என்றால் நல்லது. ‘ஓமி’ ஆண், ‘பலோனி’ பெண். இரண்டையும் சேர்த்து ‘ஓமி-பலோனி’ என்றால் தன்பாலீர்ப்புள்ள ஆண். கூந்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக்கினால் ‘ரையா’. ‘வாடா’ என்றால் பார் என்று பொருள். நம்மவர் கேட்டிருந்தால் உரிமையோடு அழைக்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டப் போயிருப்பார்கள்!

தமிழ் இலக்கணம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை நன்னூல் உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவர். ஆனால் பொற்கொல்லருக்கு எதிரே இருப்பவர் தம் இனத்தாரா என்பது முன்பே தெரியும். பொலாரி பேசியவருக்கு அதுதான் தெரியாது. எனவே சாதாரணப் பேச்சினிடையே ஒரேயொரு ‘போனா’வை நழுவ விடுவார். எதிரிலிருப்பவர் அதே வழக்கில் மறுமொழி சொன்னால் ஐயம் தீர்ந்தது. விழித்தால், வாய் தவறிய சொல்லாக அது காற்றோடு போய்விடும்.

பொறுமையாக அளந்து வைக்க வேண்டிய அடி அது. சாதாரண உடையில் காத்திருந்த பொலிசார் பலரைப் பிடித்தனர். பெரும் நடிகர் ஜோன் கில்குட் ‘சேர்’ பட்டம் பெற்ற 1953ஆம் ஆண்டிலேயே அவ்வாறு கைதாகிப் பத்துப் பவுண் தண்டம் செலுத்தினார். மறுநாள் பத்திரிகைகள் அதை விடவில்லை. எங்கள் தொழில் இவ்விடயத்தில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை.

1965 முதல் 1968 வரை பி.பி.சி. வானொலியின் ‘ரவுண்ட் த ஹோர்ன்’ நிகழ்ச்சியில் ஹியூ பாடிக்கும் கென்னத் வில்லியம்சும் ஞாயிறு பிற்பகல்களில் பொலாரியிலே அரட்டையடித்தனர். குடும்பம் குடும்பமாக மக்கள் கேட்டுச் சிரித்தனர். பச்சை மலருக்கு நேர்ந்தது மொழிக்கும் நேர்ந்தது. 1967இல், இருபத்தொரு வயது கடந்த இருவர் தனிமையில் இணங்கிச் செய்வது இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமன்று என்றாயிற்று. எழுபதுகளில் வந்த விடுதலை இயக்கத்தினர் ஒளிந்து பேசும் மொழியை விரும்பவில்லை. பொலாரி தேய்ந்தது.

பி. அண்ட் ஓ. கப்பல்களின் பணியாளர் பலர் பொலாரி பேசியவர்கள். அவுஸ்திரேலியா செல்லும் வழியில் அக்கப்பல்கள் கொழும்பில் தரித்தன. கரையிறங்கினாலும் அவர்களுக்குச் சட்டம் மாறவில்லை. லபூஷேரின் வாசகம் நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையினுள் 365அ பிரிவாக வந்து குடியேறியிருந்தது. இங்கிலாந்து அதைக் கைவிடத் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகளின் பின், 1995இல், நாம் அப்பிரிவைத் திருத்தினோம். நீக்குவதற்கல்ல, வெள்ளையர் தொடாமல் விட்ட பெண்களையும் அதற்குள் சேர்ப்பதற்கு. குற்றநீக்கம் செய்யும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் சொன்னது 2023 மே மாதத்தில்.