மூதூர்க் கல்லில் இருக்கும் பிழை

போன கிழமை எங்கட பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு வருடம் படிக்க இடம் கிடைத்தது. விடுதி கிடையாது. அந்த நாட்டுக் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். பிள்ளைக்குக் கால் தரையில் இல்லை. உம்மாதான் படிவத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தா. "டீச்சர், முன்னப்பின்னத் தெரியாத ஊட்டுல, அவங்க போடுற சோத்தத் திண்டுட்டு ஒரு வருஷம் எப்புடி டீச்சர் இரிப்பா?"

எனக்கு உடனே நொக்ஸின் ஞாபகம் வந்தது. வரலாறு படிப்பிக்கிறவர்களோடு இது ஒரு தொல்லை. யார் எதைக் கேட்டாலும் நானூறு வருடத்துக்கு முன்னால் போய் நிற்போம். அவவுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று ஓர் இடம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். 1893இல் அங்கே ஒரு கல் நாட்டினார்கள். 'ஆன்' கப்பலின் கப்டன் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் இந்த மரத்தடியில் பிடிபட்டார், கண்டி அரசன் அவரை 19 வருடம் சிறை வைத்தான் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அதில் ஒரு பிழை. கப்டனாக இருந்தவர் தகப்பன். 19 வருடம் இருந்தவர் மகன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதால் கல்லில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக வந்த கப்பல் அது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுப் பாய்மரம் போனது. புது மரம் வெட்டிப் பூட்டவும் கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தார்கள். அப்போது இந்தக் கரை கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுடையது. வந்தவர்கள் அரசனுக்கு ஒரு கடிதமும் அனுப்பவில்லை, காணிக்கையும் அனுப்பவில்லை. திசாவை படையோடு வந்தார். புளியமரத்தடியில் இருந்த கப்டனையும், மரம் வெட்டப் போனவர்களையும் சேர்த்து 16 பேர் பிடிபட்டார்கள்.

இளைய நொக்ஸுக்கு அப்போது 19 வயது. நம்முடைய ஏ.எல். பிள்ளைகளின் வயது. கப்பலில் மிஞ்சியிருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல அவரைத்தான் அனுப்பினார்கள். கப்பலில் ஏறியவர் அப்படியே போயிருக்கலாம், தடுக்க ஆளில்லை. ஆனால் திரும்பி வருவேன் என்று தகப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். செய்தியைச் சொல்லிவிட்டுக் கரைக்குத் திரும்பி வந்தார். பிடிபட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. திரும்பி வந்தார் என்பதை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அழுத்திச் சொல்வேன்.

கண்டி அரசன் இவர்களைச் சிறைக்கூடத்தில் போடவில்லை. ஊர் ஊராகப் பிரித்துவிட்டு, சோறு கொடுக்கும் பொறுப்பைக் கிராமத்து ஆட்களிடம் கொடுத்தான். வீடுகள் முறைவைத்து, நாளுக்கு இரண்டு தரம் சமைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இந்தக் கதையை எல்லோரும் கைதியின் பக்கம் நின்றுதான் சொல்கிறார்கள். நான் அந்த அடுப்படியில் நின்று யோசித்துப் பார்ப்பேன். மொழி தெரியாத, ருசி தெரியாத, எப்போது போவான் என்றும் தெரியாத ஒருவனுக்கு அரச கட்டளைக்காக உலை வைக்கிற பொம்பிளை. அவவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தகப்பனையும் மகனையும் இன்றைய குருணாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தையில் விட்டார்கள். கூரை மட்டும் உள்ள, சுவரில்லாத குடில். மற்ற ஆங்கிலேயர் வேறு ஊர்களில். இருவருக்கும் குளிர்காய்ச்சல். 1661 பெப்ரவரியில் தகப்பன் இறந்துபோனார். மகனுக்கோ எழும்பவும் சீவன் இல்லை. அடக்க உதவி கேட்டு ஆள் அனுப்பினால், ஊரார் மாடு கட்டுகிற கயிறு ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள், காட்டுக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லி. கடைசியில் கூலி கொடுத்து ஒருவரைப் பிடித்துத்தான் தகப்பனை மண்ணில் வைத்தார். இதைக் கல்நெஞ்சம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நோய்க்கும் தீட்டுக்கும் பயந்த ஊர். சோறு கொடுக்கத்தான் கட்டளை, மையித்தைத் தொட இல்லை. ஆனாலும் அந்தக் கயிறை வாசிக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொடியன் அந்த நாட்டு மனிசனாக ஆகிறார். தொப்பி பின்னி விற்றார். ஒரு தொப்பியைக் கொடுத்து, ஒரு கிழவரிடம் இருந்த ஆங்கில பைபிளை வாங்கினார். நெல்லைக் கடனுக்குக் கொடுத்து ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கினார் (வட்டி விஷயத்தில் நான் அவரோடு இல்லை). கண்டிக்குக் கிட்ட எலதெத்தையில் காணி வாங்கி வீடு கட்டினார். உழவு, திருமணம், வழக்கு, சாப்பாடு என்று எல்லாவற்றையும் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார். நம்மவர்களையும் விடவில்லை. கண்டியில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளி இருந்தது, அதற்காக வீட்டுக்கு வீடு ஒரு பணம் வாங்கும் உரிமையை முந்தைய அரசர்கள் கொடுத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். ஓர் ஆங்கிலேயக் கைதியின் புத்தகத்தில் நம்முடைய வரலாற்றுக்கு ஒரு சாட்சி.

1679 செப்டெம்பரில் மிளகு, உள்ளி, சீப்பு விற்கும் வியாபாரிபோல ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு வடக்கே நடந்து, அநுராதபுரம் தாண்டி, ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஒக்டோபர் 18இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். வெறுங்கால், நீண்ட தாடி, நாட்டு உடுப்பு. கொழும்பில் சனம் கூடி வேடிக்கை பார்த்தது. அடுத்த வருடம் லண்டன். 1681இல் புத்தகம் வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர், கலத்தைக் கண்டுபிடித்தவர் என்று விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறோமே, அதே ரொபர்ட் ஹூக்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மா ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டா. "வாப்பா மவுத்தான நேரம் பக்கத்துல தெரிஞ்ச ஒரு ஆள் இல்லியே டீச்சர்."

இல்லைதான். அந்தக் கேள்விக்கு நொக்ஸை வைத்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் காலத்தில் ஃபோன் இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார், அந்த வீட்டார் தாங்களாக விரும்பிக் கேட்டவர்கள் என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினா. கையெழுத்து வைக்கவில்லை.

இன்று காலையில் திரும்ப வந்தா. அந்த வீட்டு உம்மாவுக்குத் தான் முதலில் ஒரு கடிதம் எழுத வேண்டுமாம், நான் இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். கொப்பித் தாளில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறா. முதல் வரி: "எங்கட புள்ளைக்கு மீன் இல்லாட்டி சோறு இறங்காது."